வலது கை

ஜூன் 4, செவ்வாய்

மாவுக்கட்டு போட்டாயிற்று. வலது மணிக்கட்டு. ஆறு வாரம் என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் திறக்க ஆறே நாள். பதினேழு பிள்ளைகளின் யூனிஃபார்ம் வெட்டினபடியே தைக்காமல் கிடக்கிறது.

ஜூன் 5

இடது கட்டைவிரலால் போனில் தட்டுகிறேன். அப்பா பிசைந்து வைத்த சோற்றை ஸ்பூனில் எடுத்தபோது, ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் பண்ணின வசனம் ஓடியது. "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." பாதிச் சோற்றை வைத்துவிட்டேன்.

ஜூன் 6

அப்பா நாலு மணிக்கே எழுந்துவிட்டார். பனையேறுவதை விட்டு ஒன்பது வருஷம். இருட்டில் உட்கார்ந்து பாளை அரிவாளைத் தீட்டுகிறார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இடையன்குடி ஆலயத்தில் எல்லோரும் கையைப் பார்த்தார்கள். "ஆண்டவர் உனக்கு ஓய்வு குடுத்திருக்கார்" என்றார் ஒரு சித்தி. அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது.

ஓய்வு என்றதும் அப்பாவின் ஞாயிறுகள்தான் நினைவுக்கு வருகின்றன. பதநீர்க் காலத்தில் பாளைக்கு ஞாயிறு கிடையாது. காலையும் சாயங்காலமும் சீவ வேண்டும். விட்டுவிட்டால் சீவின வாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். ஆக, விடிவதற்கு முன்னே மரம் ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டியோடு முதல் மணிக்கே ஆலயத்தில் இருப்பார். நெஞ்சில் மரம் உரசின தழும்பு சட்டைக்குள் இருக்கும். ஓய்வுநாளை மீறுகிறாயே என்று ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பதநீரைக் கருப்பட்டிக்குக் காய்ச்ச விட்டதேயில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கமாட்டார். அம்மா கணக்குப் பார்த்துப் புலம்புவாள். ஓய்வுநாளை இதைவிடச் சுத்தமாக ஆசரித்தவரை நான் பார்த்ததில்லை.

ஜூன் 10

பள்ளிக்கூடம் திறந்தது. வாசலைத் தாண்டிப் போன பிள்ளைகளில் ஐந்து பேருக்குப் பழைய சட்டை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 13

தொற்காள். நேற்று ராத்திரி முழுக்கத் தொற்காள்தான். வேதாகமத்தில் வருகிற தையல்காரி, செத்தபின் பேதுரு ஜெபித்து உயிரோடு எழுப்பினவள். அவள் செத்த பிறகு யோப்பாவின் விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காட்டி அழுதார்கள். எல்லோரும் அதைத்தான் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு முன்னால் அவள் வியாதிப்பட்டாள் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த நாட்களில் பாதித் தையலில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாளா? எழுந்த பிறகு முதலில் ஊசியைத்தான் தேடியிருப்பாளா?

ஜூன் 15

அடுத்த வீட்டுப் பிள்ளை தைக்க வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். காலரை மூன்று தடவை பிரிக்கச் சொன்னேன். "உள்பக்கம்தானே அக்கா, யார் பார்க்கப் போறா?" என்றாள்.

சட்டென்று எரிச்சல் வந்தது. மெஷினுக்கு மேலே சுவரில் கொலோசெயர் நிருபத்து வசனம் ஒன்றை மாட்டியிருக்கிறேன், எதைச் செய்தாலும் மனுஷர்களுக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று. அதற்குச் சற்று முன்னால் வருகிற வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. அது "வேலைக்காரரே" என்று ஆரம்பிக்கிறது. அந்த வார்த்தை முதலில் அடிமைகளுக்குத்தான் வந்தது. கூலியும் கிடையாது, பேரும் கிடையாது. அவர்களின் வேலையைத்தான் கர்த்தர் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார்.

பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பிசிறை நறுக்கச் சொன்னேன்.

ஜூன் 18

கட்டுக்குள் அரிப்பு. தூக்கம் இல்லை.

ஜூன் 20

மனதில்லாதிருந்தால். மனது!

இத்தனை நாளும் அந்த வசனத்தை "முடியாதிருந்தால்" என்றே வாசித்திருக்கிறேன். அப்போஸ்தலர் பவுல் அதை எழுதினது தெசலோனிக்கே பட்டணத்துச் சபையில் வேலையை விட்டுவிட்டு வீண் அலுவற்காரராய்த் திரிந்தவர்களுக்கு. இரவும் பகலும் தானே பாடுபட்ட மனுஷன், ஒடிந்த கையைப் பார்த்தா அப்படிச் சொல்வார்? அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அதுக்கா ரெண்டு வாரமா அரைவயிறு?" என்றார்.

இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூன் 27

பதினொரு பிள்ளைகளுடையது முடிந்தது. பொத்தான் துளைக்குப் போடுகிற காஜா இன்னும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சரியாக வரவில்லை. மறுபடியும் பயம். வாடிக்கைக்காரர்கள் போய்விட்டால்? தைக்கவே முடியாத கையாகிவிட்டால், ஆண்டவருக்கு என்னிடமிருந்து என்ன கிடைக்கும்?

ஜூலை 6, சனி

1880-இல் இதே நாளில்தான் எங்கள் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். மிஷனரி கால்டுவெல் ஐயர் கட்டத் தொடங்கி 33 வருஷம் ஆகியிருந்தது. முதல் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் அந்த மணியோசையைக் கேட்டிருப்பார்கள்? சாயங்காலம் போய் வெளிச்சுவரில் இடது கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

ஜூலை 9

அப்பாவுக்குக் காய்ச்சல். இருந்தும் நாலு மணிக்கு எழுந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். பதினேழாவது செட்டின் காஜாவை எனக்கென்று விட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். அவள் அதையும் முடித்துவிட்டாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிசிறு இல்லை.