திங்க்பேட் எக்ஸ்220இல் கோர்பூட்: கவ்வியோடு மூன்று வாரம்

மூன்று வாரமாக என் மேசையில் வயிறு திறந்து கிடந்த திங்க்பேட் எக்ஸ்220 மடிக்கணினி நேற்று இரவு, இயந்திரத்தை முதலில் எழுப்பும் பயாஸ் நிரலுக்கு மாற்றான திறமூல நிரல் கோர்பூட்டில் எழுந்துவிட்டது. கோர்பூட்டைத் தொகுத்ததும் சில்லில் எழுதியதும் ஒரே மாலையில் முடிந்துபோயின. அதற்கு முன், பலகையில் இருந்த பழைய பயாஸை, வெறும் 8 மெகாபைட்டை, பிழையில்லாமல் படித்தெடுக்க நான் பட்ட பாடுதான் இங்கே விரிவாக எழுதத் தக்கது.

இந்த இயந்திரத்தை ஏன் விடாமல் வைத்திருக்கிறேன் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். 2011இல் வந்தது, இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை ஐ5-2520எம் செயலி, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் 1.2ஆம் பதிப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0உம் எட்டாம் தலைமுறைச் செயலியும். ஆகவே அந்தப் பாதை அடைபட்டுவிட்டது, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் இதில் ஏற்கெனவே டெபியன் 13 லினக்ஸ்தான் ஓடுகிறது. உண்மையான காரணம் இதன் ஏழு வரிசை விசைப்பலகை. அப்படி ஒரு விசைப்பலகையை இப்போது எவரும் செய்வதில்லை.

உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. இந்தப் பலகையின் கியூஎம்67 சில்லுத் தொகுதிக்குள் இன்டெல்லின் மேலாண்மை எந்திரம், அதாவது எம்இ, ஏழாம் பதிப்பு குடியிருக்கிறது. இயக்க அமைப்புக்குத் தெரியாமல் அதற்குக் கீழே தனியாக ஓடும் ஒரு சிறு கணினி அது. தொலைவிலிருந்து இயந்திரத்தை ஆளும் அதன் ஏஎம்டி வசதியில் 2017இல் வெளியான ஓட்டையை நினைத்தால் இன்றும் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வருகின்றன: கடவுச்சொல்லுக்குரிய விடைக்குப் பதிலாக வெற்று விடையை அனுப்பினாலே உள்ளே விட்டுவிட்டது. ஆறாம் பதிப்பு முதலான எம்இகள் அதில் அடங்கின, என்னுடையதும்தான். அதை முடக்கவேண்டுமானால் பயாஸ் சில்லைத் தொட்டே ஆகவேண்டும்.

எக்ஸ்220இல் சில்லைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. விசைப்பலகையையும் கைத்தாங்கியையும் கழற்றி, எக்ஸ்பிரஸ்கார்டு துளைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கருப்புத் தாளைத் தூக்கினால் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருக்கும். மின்கலம், மின்னேற்றி, சிறு நாணய மின்கலம் மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும் என்பதை இங்கே வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பயாஸை உற்பத்தியாளரின் கடைசிப் பதிப்புக்கு முன்கூட்டியே ஏற்றிவைத்திருந்தேன். விசைப்பலகையையும் மின்கலத்தையும் பார்த்துக்கொள்ளும் ஈசி நுண்கட்டுப்படுத்தியின் நிரலைக் கோர்பூட் தொடாது, பிற்பாடு அதைப் புதுப்பிப்பது தலைவலி.

தொல்லை, சில்லின் கால்களைப் பிடித்துக் கம்பிகளோடு இணைக்கும் கவ்வியில் தொடங்கியது. சில்லைப் படிக்கவும் அதில் எழுதவும் இணையத்தில் மலிவாகக் கிடைத்த சிஎச்341ஏ நிரலேற்றியோடு சேர்ந்து வந்த கவ்வி, பிடித்த கையை எடுத்ததும் மெல்லச் சாய்ந்து, எட்டுக் கால்களில் ஆறைப் பிடித்துக்கொண்டு இரண்டைக் கைவிடும். நிரலேற்றியை இயக்கும் மென்பொருளான ஃபிளாஷ்ராம் ‘சில்லு எதுவும் இல்லை’ என்று சொல்லும். மறுபடி அழுத்துவேன், இருக்கிறது என்னும். கட்டளையை முடித்து நுழைவு விசையை அழுத்துவதற்குள் மீண்டும் இல்லை என்னும். முதல் வாரயிறுதி முழுவதும் இப்படியே கழிந்தது. இரண்டாம் நாள் கவ்வியின் முதுகில் ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டி, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். பிடித்தது. அப்போது ஃபிளாஷ்ராம், இந்த மேக்ரோனிக்ஸ் சில்லு எம்எக்ஸ்25எல்6405 வகையறாவில் மூன்று வரையறைகளுக்குப் பொருந்துகிறது, எது என்று நீயே சொல் என்றது. பூதக்கண்ணாடியில் முதுகெழுத்தைப் படித்து 6406இ என்று உறுதிசெய்து சொன்னேன்.

இரண்டு முறை படித்தேன். இரண்டு கோப்புகளுக்கும், கோப்பின் கைரேகை போன்ற ஷா256 கூட்டுத்தொகை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. 8388608 பைட்டு, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மகிழ்ச்சியில் தேநீர் போடப் போய்விட்டேன். திரும்பி வந்து, ஏதோ சந்தேகத்தில் கோப்பை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் பார்வையில் திறந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப். வெறுமையை இரண்டு முறை மிகத் துல்லியமாகப் படித்திருக்கிறேன். கூட்டுத்தொகை பொருந்தினால் போதும் என்று பல வழிகாட்டிகள் எழுதுகின்றன, போதாது. கோப்பின் தொடக்கத்தில் 16 பைட்டுகளைத் தாண்டியதும் 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கு பைட்டுகள் இருக்கவேண்டும். சில்லில் எது எங்கே என்று சொல்லும் இன்டெல் விவரணைப் பகுதியின் முத்திரை அது. அதைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கோப்பையும் நகல் என்று நம்புவதில்லை என்று அன்று முடிவுசெய்தேன்.

அடுத்த வாரம் முத்திரை வந்தது, ஆனால் கூட்டுத்தொகை பொருந்தவில்லை. ஐந்து முறை படித்தால் ஐந்து விதம். கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இருபது முப்பது பைட்டுகள்தான் வேறுபடுகின்றன, அவையும் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில். கவ்வியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் மல்டிமீட்டரை எடுக்கத் தோன்றியது. சிஎச்341ஏவின் மின்வழங்கும் முனையில் 3.3 வோல்ட் சரியாக இருந்தது. தரவு முனைகளிலோ கிட்டத்தட்ட 5 வோல்ட். சில்லுக்கு விதிக்கப்பட்ட எல்லை 2.7 முதல் 3.6 வோல்ட் வரை. கருப்புப் பலகையாக விற்கப்படும் இந்த நிரலேற்றியின் பிறவிக் குறை இது என்பது பலருக்கும் தெரிந்ததே. தெரிந்திருந்தும் ‘என்னுடையது சரியாக இருக்கும்’ என்று அளக்காமல் விட்ட தவறு என்னுடையது. இரண்டு வாரம் ஐந்து வோல்ட்டைத் தாங்கிக்கொண்ட அந்தச் சில்லுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதற்கு வைத்தியம் உண்டு: சிஎச்341ஏ சில்லின் 28ஆம் காலை நெம்பித் தூக்கி, அதையும் 9ஆம் காலையும் 3.3 வோல்ட்டோடு சேர்த்துப் பற்றவைப்பது. என் சால்டரிங் கையின் தரத்தை நான் அறிவேன். அந்தக் காலின் அகலத்தைப் பார்த்ததும் கருவியை அப்படியே பெட்டிக்குள் போட்டுவிட்டு, இழுப்பறையில் சும்மா கிடந்த ராஸ்ப்பெரி பை பிக்கோ என்ற சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகையை எடுத்தேன். அது பிறப்பிலேயே 3.3 வோல்ட் சாதனம். செர்ப்ராக் நெறிமுறையைப் பேசும் நிரலை ஏற்றினால் ஃபிளாஷ்ராம் அதை நேரே நிரலேற்றியாக ஏற்றுக்கொள்கிறது. வேகத்தை நாமே சொல்லலாம் என்பது கூடுதல் நன்மை. கூடவே போமோனா 5250 கவ்வி ஒன்றையும் வாங்கினேன். விலை எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அது சில்லின் தோளைக் கவ்வும்போது கையில் உணரும் அந்தச் சிறு அழுத்தம், ரப்பர் வளையமும் தீப்பெட்டியுமாகக் கழித்த இரண்டு நாளை மறக்கடித்துவிட்டது. மலிவுக் கவ்வியின் பற்களில் மஞ்சள் பூச்சு உரிந்து செம்பு தெரிவதையும் இப்போதுதான் கவனித்தேன்.

கவ்வியிலிருந்து பிக்கோவுக்கு 20 சென்டிமீட்டர் ஜம்பர் கம்பிகளைப் போட்டபோது நான்கில் ஒரு படிப்பு வேறுபட்டது. கம்பிகளை 8 சென்டிமீட்டராக வெட்டி, பயாஸ் சில்லின் 3ஆம் காலையும் 7ஆம் காலையும் மின்வழங்கும் முனையோடு சேர்த்துக் கட்டி, வேகத்தை 4 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். பத்து முறை படித்தேன். பத்தும் ஒன்று, முத்திரையும் இருந்தது. எந்த மாற்றம் நோயைத் தீர்த்தது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கவேண்டும். பொறுமை இல்லை. கம்பி நீளம்தான் என்பது என் ஊகம். வெட்டிய கம்பிகளுக்கு மாற்று வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது, மாதிரி கேட்டவுடனே 10 சென்டிமீட்டர் கட்டு ஒன்றைக் கடைக்காரரே எடுத்து நீட்டினார். இணையத்தில் நான் தேடியபோதெல்லாம் கண்ணில் பட்டது 20 சென்டிமீட்டர் கட்டுதான். அங்கேயே 8 ஜிபி டிடிஆர்3 நினைவகத் துண்டுகள் இரண்டும் கிடைத்தன. ஒன்று இரவு முழுவதும் நடந்த சோதனையில் தோற்று, மறுநாள் மாற்றிக்கொள்ளப்பட்டது. பழைய நினைவகத்தைச் சோதிக்காமல் மாட்டுகிறவர்கள் துணிச்சல்காரர்கள்.

நகல் கைக்கு வந்ததும் மற்றவை விரைந்தன. எம்இ கிளீனர் என்ற கருவி, ஏறத்தாழ 5 மெகாபைட்டாக இருந்த எம்இ பகுதியை நூறு கிலோபைட்டுக்குள் சுருக்கி, முடக்கும் பிட்டையும் ஏற்றிக் கொடுத்தது. முழுவதையும் அழிக்க முடியாது: தொடக்க வேலையைச் செய்யும் இரண்டு கூறுகள் சரியாக இல்லையென்றால் இயந்திரம் 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். சாண்டி பிரிட்ஜ் எனப்படும் இந்த இரண்டாம் தலைமுறையில் நினைவகத்தையும் திரையையும் கோர்பூட்டே தன் சொந்த நிரலால் தொடங்கிவைக்கிறது, இன்டெல்லின் மூடிய நிரல் தேவைப்படுவதில்லை. நான் எக்ஸ்220ஐத் தேர்ந்ததற்கு விசைப்பலகைக்கு அடுத்த காரணம் இதுதான். திரைக்கான நிரல் அடா மொழியில் எழுதப்பட்டது என்பதால் தொகுப்பிக் கருவிகளைக் கட்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது. எழுதி, சரிபார்த்து, மின்சாரத்தைக் கொடுத்தேன். திரை கருப்பு. ஐந்து நொடி, பத்து நொடி. கவ்வியை மறுபடி மாட்டக் கை போன வேளையில் கோர்பூட்டுக்குப் பின் இயக்க அமைப்பை அழைக்கும் சீபயாஸின் வெள்ளை எழுத்து வந்தது. நினைவகத்தை முதல்முறை பழக்கிக்கொள்ள நேரம் எடுத்திருக்கிறது; அடுத்த தொடக்கத்திலிருந்து அந்தத் தாமதம் இல்லை.

பிறகு அந்த 30 நிமிடக் காத்திருப்பு. மணியைப் பார்த்துக்கொண்டே உலாவியைத் திறந்து வைத்தேன், அதையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த இயந்திரத்தை யாராவது தாக்கினால் பயாஸ் வழியாக வருவதைவிட உலாவி வழியாக வருவதற்கே வாய்ப்பு மிகுதி. லினக்ஸின் மையமான கர்னல் காட்டும் செயலி ஓட்டைகளின் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும்: மெல்ட்டவுன், ஸ்பெக்டர், எம்டிஎஸ் ஆகியவற்றுக்கு எதிரே ஏதோ ஒரு தணிப்பு எழுதப்பட்டிருக்கிறது, எம்எம்ஐஓ என்ற இன்னோர் ஓட்டையின் வரிக்கு எதிரே மட்டும் ‘தெரியவில்லை, தணிப்பு இல்லை’ என்று நிற்கிறது. இந்தச் செயலிக்கு இன்டெல் கொடுத்த கடைசி மைக்ரோகோட், அதாவது செயலிக்குள் ஏறும் திருத்தம், 2019இல் வந்தது. இனி வராது.

அதனால்தான், பழைய மடிக்கணினியில் ஃபயர்பாக்ஸை வேகப்படுத்துவதற்காகத் தளப் பிரிப்பை அணைத்துவிடுங்கள் என்று சொல்லப்படும் யோசனையை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறைக்குள் அடைப்பது ஸ்பெக்டருக்குப் பிறகு வந்த பெரிய சுவர். குரோம் அதை 2018இல் எழுப்பியது. ஃபயர்பாக்ஸ் 2021இல்தான் வந்து சேர்ந்தது. அது நினைவகத்தைத் தின்கிறது என்பது மெய்தான். பத்துத் தாவல்களோடு ஃபயர்பாக்ஸின் செயல்முறைப் பக்கத்தைத் திறந்தால் பட்டியல் திரைக்குள் அடங்குவதில்லை. செயலியின் ஓட்டையை அடைக்க இனி எவரும் வரப்போவதில்லை என்ற நிலையில் அந்தச் சுவரையும் இடித்துவிட்டு வேகம் கேட்பது எனக்குப் புரியவில்லை. 16 ஜிபி நினைவகம் வாங்கியதே இதற்காகத்தான். வேகம் வேண்டுமானால் வேறு இடத்தில் தேடலாம்: இந்தச் செயலியின் எச்டி 3000 வரைகலை எச்.264 காணொளியை வன்பொருளில் விரிக்கும், அதைவிடப் புதிய காணொளி வடிவங்களான விபி9உம் ஏவி1உம் அதற்குத் தெரியாது. யூடியூபை எச்.264க்குத் தள்ளும் சிறு நீட்சியைப் போட்டதும் விசிறி அடங்கியது. விளம்பர நிரல்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் மற்ற பாதியைப் பார்த்துக்கொள்கிறது. நீட்சிகளுக்கான புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 மாற்றத்தோடு குரோமில் அது 2025இல் வழக்கொழிந்தது; நான் குரோமியம் பக்கம் போகாததற்கு அந்த ஒன்றே போதும்.

11:42க்குத் தொடங்கிய இயந்திரம் 12:12ஐத் தாண்டியது, 12:13ஐயும் தாண்டியது. விசிறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. 12:30க்கு நானே அணைத்துவிட்டுப் படுத்தேன்.

அடுத்து, தொடக்க நிரல் மாற்றப்படவில்லை என்று டிபிஎம் கொண்டு சரிபார்க்கும் ஹெட்ஸை ஏற்றிப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது, டிபிஎம் 1.2 அதற்காவது பயன்படும். இனி இயக்க அமைப்புக்குள் இருந்தபடியே சில்லில் எழுதிக்கொள்ளலாம், கவ்வி வேண்டாம். அதற்கு முன் வைஃபை: உற்பத்தியாளரின் அனுமதிப் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைச் செருகினால் பழைய பயாஸ் 1802 என்ற பிழையோடு நின்றுவிடும்; கோர்பூட்டுக்கு அந்தப் பட்டியலே கிடையாது. தனி நிரல்கோப்பு கேட்காமல் ஏத்9கே இயக்கியிலேயே ஓடும் ஏத்தரோஸ் ஏஆர்5பி22 அட்டை ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும். அதுவரை கைத்தாங்கியின் திருகுகள் தீப்பெட்டிக்குள்தான்.