திருக்கடையூரில் கொள்ளை, தரங்கம்பாடியில் கடல்

தரங்கம்பாடியில் நிதி திரட்டுவதற்காக நடந்த கடல் நீச்சலுக்குப் போன கதை இது. முதலில், போகிற வழியில் மாட்டிய ஆட்டோவைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த வயிற்றெரிச்சல் அடங்கினால்தான் கடலைப் பற்றி எழுத வரும்.

திருச்சியிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில். உட்கார இடம் கிடைத்தது, அவ்வளவுதான் சேதி. அங்கிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள். திரும்ப விடச் சொல்லி இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இருந்திருந்தால் இந்தப் பத்தியே எனக்கு மிச்சம். இருந்தது ஒரு தனியார் பஸ். "தரங்கம்பாடி போகுமா?" என்றதற்கு கண்டக்டர், "ஏறுங்கக்கா, அலையிலயே எறக்கி விடுறேன்" என்றார். ஸ்பீக்கருக்கு நேர் கீழே, செம்பனார்கோயில் வரை ஒற்றைக் காலில் நின்றேன். ஆக்கூர் தாண்டியதும் கூட்டம் குறைந்தது, உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் திருக்கடையூரில் வண்டியை ஓரங்கட்டி, "இதுக்கு மேல ஆளில்லக்கா, திரும்பப் போறோம்" என்றார்கள். மீதித் தூரத்துக்குக் காசு? சில்லறை இல்லையாம்.

மணி ஒன்பதரை. திருக்கடையூர் எப்படிப்பட்ட ஊர் என்று தெரியும்தானே? அபிராமி சன்னதியில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடந்துகொண்டே இருக்கும். லாட்ஜ், சமையல், பூ, போட்டோ, ஆட்டோ எல்லாவற்றுக்கும் கல்யாண வீட்டு ரேட்தான். மறுநாள் முகூர்த்தம் வேறு. ஆட்டோக்காரர் என் பையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அறுபதாக்கா, எம்பதாக்கா?" என்றார். "நாப்பத்தொண்ணு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பத்து கிலோமீட்டர் கூட வராத தூரத்துக்கு 500 ரூபாய் கேட்டார். "வரும்போது காலியா வரணும்ல" என்பது நியாயமாம். மல்லுக்கட்டி 350-க்கு வந்தார். ஏறியபின் வழியெல்லாம் தன் பெண்ணின் நர்சிங் கல்லூரி ஃபீஸைப் பற்றிப் புலம்பினார். கடைசியில் யார் யாருக்காகப் பரிதாபப்படுவது என்றே தெரியாமல் போய்விட்டது.

இத்தனை பாடும் கடலில் மூன்று கிலோமீட்டர் நீந்தி நிதி திரட்டத்தான்.

திருச்சி, கும்பகோணம், மயிலாடுதுறை என்று சிதறிக் கிடக்கும் நீச்சல் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து நடத்துவது இது. சங்கம், பதிவு எண் என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வாட்ஸ்அப் குழுதான். பெரும்பாலானவர்கள் ஆற்றில் கற்றவர்கள். ஆனால் மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவதுதான் வழக்கம். மூடிய சில நாளில் காவிரி வெறும் மணல். மாசி மாதம் டெல்டாக்காரனுக்கு நீந்தத் தோன்றினால் பம்புசெட் தொட்டி, டவுனில் இருக்கிற நீச்சல்குளம், அதுவும் இல்லையென்றால் கடல். நல்லவேளையாக, மழைக்காலத்துக் கொந்தளிப்பு அடங்கி எங்கள் பக்கக் கடல் ஆளை உள்ளே விடுவதும் அந்த மாதத்தில்தான்.

ஆளுக்கு ஒரு நன்கொடைச் சீட்டு. நூறு மீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் எழுதி வாங்க வேண்டும். என் சின்ன மாமா நூறு மீட்டருக்கு 100 ரூபாய் எழுதினார். தாராளம் இல்லை, "நீ பாதியில படகுல ஏறிடுவ" என்ற தைரியம்.

பணம் போகிற இடம்தான் என்னை இழுத்தது. கடலோர ஊர்களின் பெண்பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறார்கள். "மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு நீச்சலா?" என்று என்னிடமே நாலு பேர் கேட்டார்கள். ஆமாம். பையன்கள் நடக்கப் பழகும்போதே கடலில் விழுந்து எழுந்து கற்றுவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளை அலைக்குள் விடுவதில்லை. 2004 டிசம்பர் 26-இல் பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்துப்போனார்களே, அதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆழக் கடலில் நின்ற படகுகளுக்கு அந்த அலை பெரிதாகத் தெரியவில்லை. மீனை வாங்கக் கரையில் காத்திருந்தவர்களையும், கையில் பிள்ளையோடு சேலை காலில் சுற்றிக்கொண்டவர்களையும்தான் அது கொண்டுபோனது. நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கடலை நம்பியே வாழ்கிற ஊரில் பாதிப் பேருக்கு மிதக்கக்கூடத் தெரியாது என்பது எந்தக் கணக்கிலும் சேராத அநியாயம்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய கரை, 1845-இல் இங்கிலீஷ்காரக் கம்பெனிக்கு விற்ற கதை. எல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியாயிற்று. பழங்கால பங்களா ஹோட்டல்களில் தங்க என் பட்ஜெட் இடம் கொடுக்காது. பெண்களுக்கென்று ஒரு வீட்டு மாடியைப் பிடித்திருந்தார்கள். பாய், தலையணை, ஒரு ஃபேன், ஆளுக்கு 300 ரூபாய். கொசு இலவசம்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கடற்கரையில் போய் நின்றால் ரகளை. திட்டப்படி வடக்கே ஒரு மீனவ ஊரில் இறங்கி, தெற்கே நீந்தி வந்து, கோட்டை முன்னால் கரையேற வேண்டும். கோட்டை பின்னணியில் போட்டோ, மேடை, ஃப்ளெக்ஸ், ஷாமியானா, சிறப்பு விருந்தினருக்கு உறை போட்ட நாற்காலி, எல்லாம் தயார். படகுக்காரர்களில் மூத்தவர் ஒருவர் தண்ணீரில் இறங்கி நின்று ஒரு தென்னை மட்டையை வீசிப் பார்த்தார். அது மெதுவாக வடக்கே நகர்ந்தது. "தண்ணி திரும்பிடுச்சு. இங்கேருந்து வடக்க போங்க" என்றார், அவ்வளவுதான்.

தை வரை இந்தக் கரையோரம் நீரோட்டம் தெற்கே இழுக்கும், வெயில் காலத்தில் வடக்கே இழுக்கும். மாசி, பங்குனி அந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும் மாதங்கள். ஏற்பாட்டாளர்கள் கெஞ்சினார்கள். மேடை இங்கே இருக்கிறது, சிறப்பு விருந்தினர் எட்டு மணிக்கு வருகிறார். பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அப்ப அவரை எதிர்நீச்சல் போடச் சொல்லு" என்றார். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. கோட்டைக்கு வடக்கே, மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அரிப்புக்காகக் கல் கொட்டியிருக்கும் பகுதியை விட்டு, மணல் இருக்கிற இடமாகப் பார்த்து இறங்கச் சொன்னார்கள்.

இங்கே ஒரு குட்டு வைத்தே ஆக வேண்டும். பெண்கள் உடை மாற்ற இடமில்லை! மேடைக்கு ஷாமியானா போட முடிகிறது, நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் கிடைக்காதா? ஒரு வேன் கதவுக்கும் இரண்டு துண்டுக்கும் நடுவில் மாற்றினோம். வேடிக்கை பார்த்த பையன்கள் செல்போனைத் தூக்க, வலை இழுக்க வந்த ஒரு ஆயா போட்ட சத்தத்தில் கூட்டம் கலைந்தது. ஏற்பாட்டாளர்கள் இதைப் படித்தால், அடுத்த வருடம் முதல் செலவு அந்தத் தார்ப்பாயாக இருக்கட்டும்.

பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. கடலோரக் காவல் குழுமத்துக்குத் தகவல் போயிருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் முதல்நாளே மைக்கில் சொல்லி, அந்தப் பட்டையில் காலை ஒன்பது வரை யாரும் வலை விரிக்கக் கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள். நீந்துகிறவனுக்கு அலையைவிட வலைதான் பயம். சில பேருக்கு ஒரு ஃபைபர் படகு என்று கூடவே வந்தது. எல்லார் தலையிலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுத் தொப்பி, இடுப்பில் கயிறு கட்டிய மிதவை. கழுத்திலும் அக்குளிலும் வாஸ்லின் அப்பாமல் இறங்காதீர்கள். உப்புத் தண்ணீரில் தோல் உரசி எரிகிற எரிச்சல் சாயங்காலம் குளிக்கும்போதுதான் முழுசாகத் தெரியும்.

அலை உடைகிற இடத்தைத் தாண்டுவதுதான் பாதி வேலை. அலையோடு மோதினால் திருப்பி மணலில் போட்டுவிடும். "வரும்போது முங்கு ஆயி, போனதும் எந்திரி" என்று பெரியவர் படகிலிருந்தே கத்தினார். முங்கினேன், எழுந்தேன், மறுபடி முங்கினேன், சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. ஆற்றில் நீந்திய உடம்புக்குக் கடல் ஒரு சலுகை தருகிறது. உப்பு தூக்கிப் பிடிக்கிறது, கால் தானாக மேலே வருகிறது. தண்ணீர் வெதுவெதுப்பு. வடக்கே போவதால் வலப்பக்கம் மூச்சு வாங்கினால் சூரியன் கண்ணைக் குத்தும், இடப்பக்கம் வாங்கினால் சவுக்குத் தோப்பு நகர்வது தெரியும். நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளியது. தள்ளுகிறது என்பதே கரையைப் பார்த்தால்தான் புரிந்தது. இதே தண்ணீரை எதிர்த்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து, பெரியவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

நடுவில் வலது முழங்கையில் சுரீர் என்றது. ஜெல்லி மீன், இவர்கள் பேச்சில் சொறி. படகில் இருந்த பையன், "சொறிதான் அக்கா, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, கடல்தண்ணியிலயே அலசுங்க" என்றான். அலசினேன், எரிந்தது, நீந்தினேன். இதைச் சாக்கிட்டு ஏறிவிடலாம் என்று தோன்றிய நொடியில் மாமாவின் முகம் வந்து நின்றது.

இதே கடல் தெற்கே போனால் கோடியக்கரை. 1954-இல் யாழ்ப்பாணம் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கரையேறியது அங்கேதான். 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அங்கே வந்து தொட்டுவிட்டுத் திரும்பவும் நீந்திப் போனார், 51 மணி நேரம். 1994-இல் சின்னப் பையனாக பாக்கு நீரிணையைத் தாண்டிய குற்றாலீஸ்வரனை நமக்கெல்லாம் தெரியும். கோடியக்கரையில் கால் வைத்த இந்த இரண்டு பேரை டெல்டாவில் எத்தனை பேருக்குத் தெரியும்? மான் பார்க்கவும் பறவை பார்க்கவும் அங்கே போகிறோம், ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை.

வடக்கே அந்த மீனவ ஊரில் கரையேறியபோது மேடை இல்லை, மைக் இல்லை, விருந்தினர் இல்லை. அவர் கோட்டையடியில் உறை போட்ட நாற்காலியில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இங்கே அந்த ஊர்ப் பெண்கள் மொத்தமும் நின்றார்கள். போன கோடையில் நீச்சல் கற்ற பிள்ளைகள் அலைக்குள் இடுப்பளவு வந்து எங்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்திக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். "நீங்க காலை ரொம்ப உதைக்கிறீங்க அக்கா, அதான் மூச்சு வாங்குது" என்று எனக்கே பாடம் எடுத்தாள். குளத்தில் ஆரம்பித்து, போகப் போகக் கடலில் விடுவார்களாம். அவளுடைய அம்மா பக்கத்தில் நின்று, "நானும் சேரலாமான்னு கேட்டிருக்கேன்" என்று வெட்கத்தோடு சொன்னார். சேருங்கள் அக்கா, தயவுசெய்து சேருங்கள்.

பிறகு சாப்பாடு. சுக்குக் காபியில் தொடங்கியது. மகளிர் குழுப் பெண்கள் சமைத்திருந்தார்கள். கிழங்கான் குழம்பு! மாங்காய் போட்டு, கொழகொழப்பு இல்லாமல், காரம் நாக்கில் நிற்காமல் தொண்டையில் இறங்குகிற பதம். சங்கரா வறுவல் சட்டியிலிருந்து நேரே இலைக்கு. கூனிப்பொடித் தொக்கு என்று ஓரமாக ஒரு கரண்டி வைத்தார்கள், அதற்கே தனியாக இரண்டு தடவை சோறு வாங்கினேன். எவ்வளவு தின்றேன் என்று எழுத மாட்டேன், அம்மா படிப்பார். இலைக்கு 120 ரூபாய், அதுவும் குழுவுக்கே போகிறது. மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்ட் அருகே முதல்நாள் அதைவிட அதிகம் கொடுத்து ஆறிப்போன பரோட்டா தின்றதை நினைத்து இன்னொரு முறை வயிறெரிந்தேன்.

சாப்பாட்டுப் பந்தலிலேயே வரவு செலவை ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நிதி திரட்டுகிறவர்களில் இதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர்? படகு டீசல், படகுக்காரர் கூலி, மருத்துவ உதவி எல்லாம் சரி. ஆனால் நுழைவுக் கட்டணம் 1,200-இல் டி-ஷர்ட்டுக்கும் மெடலுக்கும் மட்டும் 350 போகிறது. அந்த மெடலை நான் என்ன செய்ய? எனக்கு வேண்டாம், அந்தக் காசில் ஒரு பிள்ளைக்கு நீச்சல் உடை வாங்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேடை, ஷாமியானா செலவு எங்கே என்று கேட்டதற்கு யாரோ ஸ்பான்சர் என்றார்கள். அந்த ஸ்பான்சரிடம் தார்ப்பாய் கேளுங்கள்.

வர நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கையோடு சொல்லிவிடுகிறேன். மாலை ஆறுக்கு முன் மயிலாடுதுறையிலிருந்து கிளம்பிவிடுங்கள், அரசுப் பேருந்தாகப் பார்த்து ஏறுங்கள். முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். பெண்கள் திரும்பும்போது அரசு டவுன் பஸ் பிடித்தால் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. நான் திருக்கடையூர் வரை அப்படித்தான் வந்தேன், அந்த ஆட்டோ ஸ்டாண்டைக் கடக்கும்போது ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஆற்றில் மட்டும் நீந்தியவர்கள் நேரே இதில் குதிக்க வேண்டாம், முதல்நாள் சாயங்காலம் படகுக்காரர்கள் துணையோடு அலை தாண்டிப் பழகிக்கொள்ளலாம், அதற்குத் தனிக் காசு இல்லை.

மாமாவுக்கு நான் கரையேறிய வீடியோ, ஏற்பாட்டாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு, ஜிபே எண் மூன்றையும் அனுப்பிவிட்டேன். 3,000 ரூபாய். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பணம்தான் இன்னும் வரவில்லை.