‘அவன்’, ‘அவர்’: காணாமல்போன ஒருவரைத் தமிழுக்குக் கொண்டுவந்த அனுபவம்

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ‘தி மேன் வித் தி ட்விஸ்டட் லிப்’ என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதையைக் ‘கோணல் உதட்டு மனிதன்’ என்ற தலைப்பில் மொழிபெயர்த்து முடித்திருக்கிறேன். 1891 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் வெளிவந்த கதை இது. காணாமல்போன ஒருவரைத் தேடும் கதைகளில் இதற்கு இணையாக நான் மதிப்பது வேறொன்றில்லை. முடிவைச் சொல்லாமல் இந்த அனுபவத்தை எழுத இயலாது என்பதால், கதையை இதுவரை படிக்காதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது.

கென்ட் மாவட்டத்தின் லீ என்ற ஊரில் மனைவி மக்களோடு வாழும் நெவில் செயின்ட் கிளேர், 1889 ஜூனில் ஒரு திங்கட்கிழமை காலை வழக்கம்போல் லண்டனுக்குப் புறப்பட்டுச் செல்கிறார். அதே நாளில் வேறொரு வேலையாக நகரத்துக்கு வரும் அவருடைய மனைவி, அபின் கூடம் ஒன்றின் மாடிச் சன்னலில் கணவரின் முகத்தைக் காண்கிறார். காவலர்களை அழைத்துக்கொண்டு மேலே சென்று பார்த்தால், அங்கே இருப்பவன் ஹ்யூ பூன் என்ற கோர முகம் கொண்ட பிச்சைக்காரன் மட்டுமே. கணவரின் உடைகள் திரைக்குப் பின்னால் கிடக்கின்றன, சன்னல் கட்டையில் இரத்தக் கறை இருக்கிறது, கீழே தேம்ஸ் ஆறு ஓடுகிறது. பூனும் செயின்ட் கிளேரும் ஒரே மனிதர் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது.

இந்த ஒரே மனிதர்தான் என் முதல் வரைவைப் பாதியில் நிறுத்தினார். ஆங்கிலத்தில் கனவானுக்கும் பிச்சைக்காரனுக்கும் ஒரே சுட்டுப்பெயர் போதும். தமிழிலோ ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் வினைமுற்றின் விகுதி, பேசப்படுபவரின் தகுதியைச் சொல்லிவிடுகிறது. செயின்ட் கிளேர் ‘வந்தார்’, பூன் ‘வந்தான்’. இருவருக்கும் ‘ஆர்’ விகுதி போட்டால், இந்தப் பிச்சைக்காரனுக்கு மட்டும் ஏன் மரியாதை என்று கூர்மையான வாசகர் உடனே கேட்பார். இருவருக்கும் ‘ஆன்’ போட்டால், கணவரைத் தேடும் ஒரு பெண்ணின் முன்னிலையில் ஹோம்ஸ் மரியாதை தெரியாதவராகிவிடுவார். இரண்டு வாரம் யோசித்த பிறகு, பூனுக்கு ‘அவன்’, செயின்ட் கிளேருக்கு ‘அவர்’ என்று பிரித்தே எழுதினேன். கதை சொல்லும் வாட்சனுக்கு அந்த நேரத்தில் உண்மை தெரியாது. தெரியாதவர் பேசுவதுபோல் பேசினால் வாசகரை ஏமாற்றியதாகாது என்பது என் முடிவு.

எஞ்சிய சிக்கல், போ ஸ்ட்ரீட் காவல் நிலைய அறையில் ஹோம்ஸ் ஈர ஸ்பாஞ்சை எடுத்துக் கைதியின் முகத்தைத் துடைக்கும் இடம். தூங்கிக்கொண்டிருந்தவன் ‘அவன்’, வேஷம் கழன்ற பின் விழிப்பவர் ‘அவர்’. எந்தச் சொல்லில் மாறுவது? இங்கே தமிழே கைகொடுத்தது. நம் வினையெச்சங்களுக்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை, மரியாதையும் இல்லை. ‘சாயம் கரைந்து, தழும்பு உரிந்து, செம்பட்டை முடி கையோடு வந்து, வெளுத்த முகத்தோடு கண்களைத் தேய்த்து விழித்து’ என்று எச்சங்களாகவே அடுக்கிக்கொண்டு போய், ஹோம்ஸ் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திய பிறகே முதல் ‘ஆர்’ விகுதியை வைத்தேன். அந்தப் பத்தியை மட்டும் பதினொரு முறை திருத்தி எழுதியிருக்கிறேன். இந்த மொழிபெயர்ப்பில் எனக்கு முழு நிறைவு தந்த பத்தியும் அதுதான்.

சன்னல் காட்சியும் எளிதாக அமையவில்லை. கணவர் கைகளை ஆட்டித் தன்னை அழைப்பதாக மனைவிக்குத் தோன்றுகிறது. தம் முகத்தை மறைக்கவே கைகளைத் தூக்கியதாகக் கணவர் பின்னர் ஒப்புக்கொள்கிறார். ‘அழைத்தார்’ என்று எழுதியிருந்தால் பொய் சொன்னதாகும். ஒரே அசைவை இருவர் இருவிதமாகச் சொல்வதற்கு இடம் வேண்டும் என்பதால், ‘அழைப்பதுபோல் அவருக்குத் தோன்றியது’ என்று எழுதினேன். மூலத்திலும் டாயில் இதே எச்சரிக்கையோடுதான் எழுதியிருக்கிறார். இரண்டாம் வாசிப்பில்தான் அது என் கண்ணில் பட்டது.

நான் செய்த பெரும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சின்ன மகனுக்கு வாங்கி வருவதாகத் தந்தை சொல்லிப்போன பெட்டியை முதல் வரைவில் ‘செங்கல் பெட்டி’ என்று எழுதிவிட்டேன். குழந்தைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள் அவை. அந்த அறையில் செயின்ட் கிளேர் இருந்ததற்குக் காவலர்களை நம்பவைக்கும் தடயமே அந்தக் கட்டைகள்தான். அதைத் தவறாக எழுதினால் கதையின் ஓர் ஆணி கழன்றுவிடும்.

நாணயங்களுக்காக ஒரு நாள் மாலை முழுவதும் கணக்குப் போட்டேன். ஆற்றுச் சேற்றில் கிடைத்த செயின்ட் கிளேரின் கோட்டுப் பைகளில் 421 பென்னிகளும் 270 அரைப் பென்னிகளும் இருக்கின்றன. மொத்தம் 556 பென்ஸ். அதாவது 2 பவுண்டு 6 ஷில்லிங் 4 பென்ஸ். அக்கால வெண்கலப் பென்னி ஏறத்தாழ 9.4 கிராம், அரைப் பென்னி 5.7 கிராம் எடையுள்ளவை. ஆக, அந்தப் பைகளில் ஐந்தரைக் கிலோ இருந்திருக்கிறது. கோட்டு நீரோடு போகாததன் காரணம் இந்த எடைதான். ஒரு நாளில் 2 பவுண்டு கிடைக்காவிட்டால் அது மிக மோசமான நாள் என்று செயின்ட் கிளேர் கடைசியில் சொல்லும்போது, கோட்டில் இருந்தது பிச்சைக்காரனின் ஒரு நாள் வருமானத்தோடு ஒத்துப்போகும் தொகை என்பது விளங்குகிறது. ரூபாய்க்கு மாற்றியிருந்தால் இந்தத் தொடர்பு மறைந்துபோயிருக்கும். ஆகவே பென்னியைப் பென்னியாகவே வைத்து, பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற குறிப்பை மட்டும் தொடக்கத்தில் சேர்த்தேன்.

மூலத்தில் உள்ள பிழைகளைத் திருத்தவில்லை. ஜான் வாட்சனை அவருடைய மனைவி ‘ஜேம்ஸ்’ என்று அழைக்கிறார். ஜூன் 19 வெள்ளிக்கிழமை என்று கதை சொல்கிறது, ஆனால் 1889இல் அந்தத் தேதி புதன்கிழமை. இரண்டையும் அப்படியே விட்டேன். அபின் கூடத்தை நடத்தும் லஸ்கர் மாலுமியைப் பற்றிய வசைச்சொற்கள் மனத்தை உறுத்தின. லஸ்கர் என்பது ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகளைக் குறித்த சொல்; அவர்களில் பலர் நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள். மென்மைப்படுத்தினால் அந்தக் காலத்தின் பார்வையை மூடிமறைத்ததாகும் என்று கருதி, அச்சொற்களின் கடுமையைக் குறைக்காமல் எழுதினேன்.

முடித்ததும், கதையை அறியாத தோழி ஒருவரிடம் வரைவைக் கொடுத்து, விடை எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே கோடிட்டுத் தருமாறு கேட்டேன். பாதிக்கும் முன்பே ஒரு வரியின் கீழ் கோடு இருந்தது. பூன் தெருவோரம் உட்கார்ந்து தீக்குச்சி விற்பதை ஹோம்ஸ் விவரிக்கும் இடத்தில், என்னை அறியாமல் ‘விற்கிறார்’ என்று எழுதியிருந்தேன். முடிவு தெரிந்த என் கை, அந்த மனிதருக்கு முன்கூட்டியே மரியாதை கொடுத்துவிட்டிருந்தது. அன்றிரவே வரைவை முதலிலிருந்து எடுத்து, பூன் வரும் ஒவ்வொரு வினைமுற்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடங்கள் அகப்பட்டன. திருத்திய படியைக் கதை தெரியாத வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் போட்ட கோடு, ஸ்பாஞ்சு நனையும் வரியின் கீழ் இருந்தது.