ஆம்பர்லி வானத்துப் பன்றி

இன்று டிசம்பர் 3. பக்கத்து வீட்டுப் பெரியவர் காலை ஏழு மணிக்கே வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கையில் டீயோடு உட்கார்ந்துவிட்டார். வருடா வருடம் இந்தத் தேதியில் அப்படித்தான். வானத்தில் பார்க்க ஒன்றும் வராது என்று அவருக்கும் தெரியும். 2010ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஆஸ்திரேலிய விமானப்படையின் எஃப்-111 குண்டுவீச்சு விமானங்கள் கடைசியாகப் பறந்து, எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருக்கும் ஆம்பர்லி தளத்தில் இறங்கின. அவர் அந்த விமானத்தின் எஞ்சின் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். நானும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன்.

நான் தாம்பரத்துப் பக்கம் வளர்ந்தவன். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த விமானப்படை என்றால் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வரும் கிரண் பயிற்சி விமானங்கள்தான். அந்தச் சத்தத்துக்குப் பழகிய காது இது. 2009இல் குடும்பத்தோடு குயின்ஸ்லாந்தின் இப்ஸ்விச் நகருக்குக் குடிவந்த முதல் வாரம், கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், அதைச் சத்தம் என்று சொல்வதே தப்பு, நெஞ்செலும்பு அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது, மகள் உள்ளேயிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெரியவர் மட்டும் சிரித்த முகத்தோடு வானத்தைப் பார்த்து, “அது ஒண்ணுமில்லை, பன்றி போகுது” என்றார்.

பன்றி என்றதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ஊரில் அது திட்டுகிற வார்த்தை. இங்கே அதைச் செல்லப் பெயராக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதே விமானத்துக்கு ஆர்ட்வார்க் என்று பெயர், நீண்ட மூக்கால் மண்ணைக் கிளறி எறும்பு தின்னும் ஆப்பிரிக்க விலங்கு அது, ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘மண் பன்றி’ என்று அர்த்தம். ஆஸ்திரேலியர்கள் பன்றியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெயர் பொருந்தத்தான் செய்கிறது. முகர்ந்துகொண்டே போவதுபோல் மூக்கைத் தரையோடு ஒட்டி, ராத்திரியில், மழையில், மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் ஏற்ப ஏறி இறங்கிப் போகும் விமானம் இது. தரையின் மேடு பள்ளத்தை ரேடார் பார்த்துச் சொல்ல, விமானி கை வைக்காமலே 200 அடி உயரத்தில் அதுவாகவே பறக்கும். அறுபதுகளில் செய்த இயந்திரம் இது என்பதை நினைவில் வையுங்கள். கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறை நிறைய இருந்த காலம்.

இறக்கையும் அப்படித்தான். மெதுவாக இறங்கும்போது இரண்டு பக்கமும் அகல விரித்திருக்கும், வேகம் கூடக்கூட பின்னால் மடிந்து அம்புபோல் ஆகிவிடும், ஒலியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகம். இப்படி இறக்கையை மடக்கி விரிக்கிற விமானங்களில் தயாரிப்புக்கு வந்த முதல் விமானம் இதுதான்.

அதற்குள்ளே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதன் தப்பிக்கும் ஏற்பாடு. மற்ற போர் விமானங்களில் ஆபத்து வந்தால் நாற்காலி மட்டும் ஆளோடு வெளியே பாயும். இதில் விமானியும் நேவிகேட்டரும் காரில் உட்காருவதுபோல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஆபத்து என்றால் அந்த அறை முழுக்கவே விமானத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போய் பாராசூட்டில் இறங்கும். கடலில் விழுந்தால் படகுபோல் மிதக்கும். உள்ளே தண்ணீர் கசிந்தால், விமானத்தை ஓட்டிய அதே கட்டுப்பாட்டுத் தண்டை முன்னும் பின்னும் ஆட்டித் தண்ணீரை வெளியே இறைக்கலாம்! பெரியவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்புறம் தேடிப் படித்துப் பார்த்தால் உண்மைதான்.

சரி, இந்த விமானத்தை இந்த ஊர் ஏன் இப்படிக் கொண்டாடியது? நெருப்புதான் காரணம். அவசரத்தில் எடையைக் குறைக்க எரிபொருளை வெளியே கொட்டுவதற்குப் பல பெரிய விமானங்களில் ஒரு குழாய் இருக்கும். எஃப்-111இல் அந்தக் குழாய் வாலில், இரண்டு எஞ்சின் வாய்களுக்கும் நட்டநடுவே இருந்தது. எஞ்சின் வாயில் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டுக்கொண்டே எரிபொருளைக் கொட்டினால் அது பற்றிக்கொண்டு, விமானத்துக்குப் பின்னால் விமானத்தை விட நீளமான தீ வால் ஒன்று எரிந்துகொண்டே வரும். பிரிஸ்பேன் ஆற்றங்கரையில் நடக்கும் ரிவர்ஃபயர் வாணவேடிக்கைக்குப் பல வருடம் இதுதான் உயிராக இருந்தது. சிட்னி ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவிலும், 2000 அக்டோபர் 1, மைதானத்தில் ஜோதி அணையும் நேரத்தில் ஓர் எஃப்-111 அந்த ஜோதியைத் தானே வாங்கிக்கொண்டு போவதுபோல் நெருப்போடு மேலே பறந்தது.

2010 ரிவர்ஃபயருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அதுதான் கடைசித் தடவை என்று எல்லோருக்கும் தெரியும். கரை முழுக்கக் கூட்டம். முதலில் சத்தமே இல்லாமல் ஒரு வெளிச்சம் வந்தது, ஆற்று நீர் ஆரஞ்சு நிறமாகி, எதிரே நின்றவர்களின் முகமெல்லாம் தெரிந்தது, அதற்கப்புறம்தான் சத்தம் வந்து எங்களை அடித்தது. முன்பு அழுத என் மகள் இப்போது என் தோள்மேல் உட்கார்ந்து கத்திக் கைதட்டினாள். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தச் சூடு என் நெற்றியில் பட்டதா, இல்லை பட்டதாக நினைத்துக்கொள்கிறேனா என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன்.

வாங்கிய கதை இவ்வளவு சந்தோஷமானது இல்லை. 1963இல், இந்தோனேசியாவோடு உரசல் இருந்த நேரத்தில், பழைய கான்பெர்ரா குண்டுவீச்சு விமானங்களுக்குப் பதிலாக 24 எஃப்-111 வாங்கப் பிரதமர் மென்சீஸின் அரசு முடிவு செய்தது. அப்போது அந்த விமானம் காகிதத்தில்தான் இருந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. 1968இல் ஒப்படைப்பு விழாவும் நடந்து முடிந்த பிறகு, இறக்கையைத் தாங்கும் உருக்குப் பெட்டியில் விரிசல் விழுகிறது என்று தெரிந்து, 24 விமானங்களையும் அமெரிக்காவிலேயே நிறுத்தி வைத்தார்கள். நடுவில் சமாளிக்க ஃபேண்டம் விமானங்களை வாடகைக்கு எடுத்தார்கள். கடைசியில் 1973 ஜூன் 1 அன்றுதான் முதல் எஃப்-111கள் ஆம்பர்லியில் வந்து இறங்கின. பத்து வருடக் கேலிக்குப் பிறகு வந்த விமானம், அடுத்த 37 வருடம் இருந்தது.

அந்த 37 வருடத்தில் ஆஸ்திரேலியாவின் எஃப்-111கள் போரில் ஒரு குண்டுகூடப் போடவில்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இதே விமானம் அமெரிக்கர்களின் கையில் வியட்நாமில், 1986இல் லிபியாவில், 1991இல் ஈராக்கில் என்னவெல்லாம் செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும், அங்கே கீழே இருந்தவர்கள் யாரும் இதற்குச் செல்லப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். இங்கே 1999இல் கிழக்குத் தைமூர் பிரச்சினையின்போது வடக்கே தயார் நிலையில் நிறுத்தி வைத்ததோடு சரி. நிஜமாகக் குண்டு போட்டு மூழ்கடித்தது என்றால் 2006 மார்ச்சில் பாங் சூ என்ற வடகொரியக் கப்பலை, அதுவும் போதைப்பொருள் கடத்தலில் பிடிபட்டு ஆளில்லாமல் கிடந்த காலிக் கப்பல். இந்த ஊர் மக்கள் அதை மனசு உறுத்தாமல் நேசிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அது யாரையும் காவு வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. பயிற்சியிலும் விபத்திலும் எட்டு விமானங்கள் போயின, பத்து விமானப்படையினர் இறந்தார்கள். அதைவிட மெதுவாக, வெளியே தெரியாமல், இன்னொன்று நடந்தது.

எஃப்-111இல் எரிபொருளுக்குத் தனித் தொட்டி கிடையாது. உடலின் உட்சுவரே தொட்டி. இணைப்புகளில் பூசிய அடைப்புப் பசை காலப்போக்கில் கெட்டு, எரிபொருள் ஒழுக ஆரம்பித்தது. அந்தப் பழைய பசையைக் கரைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அதற்கு ஆள் உள்ளே போக வேண்டும். ஒரு மனிதன் உடம்பை வளைத்து நுழையக்கூடிய இடுக்கு, குயின்ஸ்லாந்து வெயில், உள்ளே வீரியமான ரசாயனங்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் ஆரம்பித்து 2000 தொடக்கம் வரை கட்டம் கட்டமாக இது நடந்தது. பெரும்பாலும் இளம் பையன்கள். அந்த வாடை குளித்தாலும் போகாதாம், சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்களாம். தோல் வெடிப்பு, ஞாபக மறதி, மன அழுத்தம் என்று ஒவ்வொருவராக விழ ஆரம்பித்து, கடைசியில் விசாரணைக் குழு அமைத்தார்கள். 400 பேருக்கு மேல் நச்சுப் பொருட்களின் பாதிப்புக்கு உள்ளானார்கள் என்று 2001இல் அந்தக் குழு சொன்னது. அதற்குப் பிறகும் இழப்பீட்டுக்காகப் பல வருடம் அலைந்தார்கள்.

பெரியவர் அந்தத் தொட்டி வேலையில் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். நானும் கேட்பதில்லை.

இதனால்தான், எஃப்-111ஐ அவசரப்பட்டு நிறுத்திவிட்டார்கள் என்று யாராவது புலம்பினால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பதிலுக்கு வந்த 24 சூப்பர் ஹார்னெட் போர் விமானங்கள் இதன் தூரத்துக்கு எட்டாது, வேகமும் கிடையாது. ஆனால் அமெரிக்கா 1996இல் தன் குண்டுவீச்சு எஃப்-111களையும், 1998இல் மிச்சமிருந்த, எதிரி ரேடாரைக் குழப்பும் மின்னணுப் போர் ரகத்தையும் நிறுத்திய பிறகு, உலகத்திலேயே இதை ஓட்டிக்கொண்டிருந்தது ஆஸ்திரேலியா மட்டும்தான். உதிரிபாகத்துக்கு அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைத்திருந்த பழைய விமானங்களைக் கழற்ற வேண்டியிருந்தது. இன்னும் பத்து வருடம் பறக்க வைத்திருந்தால் அதன் பாரம் முழுக்கத் தரையில் நிற்கிறவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும். பெரியவரிடமே ஒரு தடவை கேட்டேன், இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமோ என்று. நிறுத்தினது சரிதான், ஆனால் புதைத்ததைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

ஆமாம், புதைத்தார்கள். 2011 நவம்பரில், 23 எஃப்-111களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், எங்கள் ஊருக்குத் தெற்கே ஸ்வான்பேங்க் குப்பைக் கிடங்கில் குழி வெட்டி வரிசையாக இறக்கி மண்ணைப் போட்டு மூடினார்கள். உடலை ஒட்டியிருந்த பொருட்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருந்ததால் உடைத்து உருக்குவது ஆபத்து என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று, பெரியவர் வீட்டு விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தது. அந்தப் பக்கம் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் என் மகள் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். புல் முளைத்த மேடுதான் தெரியும்.

எல்லாவற்றையும் புதைக்கவில்லை என்பது ஆறுதல். சில விமானங்களை ஆஸ்திரேலியாவின் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார்கள், ஒன்று ஹவாயின் பேர்ல் ஹார்பர் வரை போயிருக்கிறது. ஆம்பர்லியிலேயும் இருக்கிறது. போன மாதம் பெரியவரை காலவுண்ட்ராவில் இருக்கும் விமான அருங்காட்சியகத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். அங்கே ஓர் எஃப்-111, இறக்கையை விரித்தபடி நிற்கிறது. அவர் பேசவே இல்லை. சுற்றி ஒரு நடை நடந்தார், எஞ்சின் வாய்க்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார், அந்தக் கொட்டுகுழாயை என் மகளுக்குக் காட்டி எது எங்கே பற்றிக்கொள்ளும் என்று விரலால் வரைந்து காட்டினார். அப்புறம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டயரைக் கையால் அழுத்திப் பார்த்தார். எழுந்து நேராக வாசலில் இருந்த தன்னார்வலரிடம் போய், முன் டயரில் காற்று குறைந்திருக்கிறது, இன்றைக்கே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் எழுதிக்கொள்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.