விரிவாக்கப் பகுதிக்கு மின் பேனல்கள் அமைத்த அனுபவம்

எங்கள் ஆலையின் விரிவாக்கப் பகுதிக்கு வேண்டிய பேனல்களைத் தேர்ந்தெடுத்துச் சோதித்து மின்னூட்டம் தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே மின்சுமைப் பட்டியலையும் மின்சாரம் செல்லும் வழியைக் காட்டும் ஒற்றைக் கோட்டு வரைபடத்தையும் முடித்துவிட்டேன். மோட்டார்களின் கிலோவாட், கிளம்பும் முறை, ஓடும் நேரம் ஆகியவற்றைச் சொல்லாமல் வாங்கும் விலைப்புள்ளி, என் கணிப்பில், வெறும் இரும்புப் பெட்டியின் விலைதான்.

மின்மாற்றியிலிருந்து மின்சாரத்தைப் பெற்றுப் பகிர்ந்தளிப்பது பிசிசி பேனல். எங்கள் மின்மாற்றி 1000 கேவிஏ, 415 வோல்ட். முழுச்சுமையில் ஏறத்தாழ 1390 ஆம்பியர் என்பதால் முதன்மை ஏசிபி (பழுது வந்தால் மின்சுற்றைத் துண்டிக்கும் பெரிய பிரேக்கர்) 1600 ஆம்பியரில் அமைந்தது. ஆனால் நான் அதிகம் கவனித்தது ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைத்தான். மின்மாற்றியின் இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) 5 சதவீதம் என்றால், பேனலுக்குள் மின்சாரத்தைச் சுமக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரில் சுமார் 28 கிலோ ஆம்பியர் பாயக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களும் அதனுடன் சிறிது சேர்க்கும். எனவே 50 கிலோ ஆம்பியரை ஒரு நொடி தாங்கும் பஸ்பாரைக் கேட்டேன். ஜெனரேட்டர் வழியும் மின்மாற்றி வழியும் ஒரே நேரத்தில் இணையாதபடி இன்டர்லாக்கும் வைக்கப்பட்டது.

அடுத்தது, மோட்டார்களை இயக்கிக் காக்கும் எம்சிசி. சிறிய மோட்டார்களுக்கு டிஓஎல் (முழு மின்னழுத்தத்தில் நேரடியாகக் கிளப்பும் முறை) போதுமானதாக இருந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் கிளப்பிப் பிறகு முழு மின்னழுத்தத்துக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா முறையில் தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது முறுக்குவிசையும் அதே அளவு குறைந்துவிடுவதால், பாரத்துடன் கிளம்ப வேண்டிய கன்வேயருக்கு அதைத் தவிர்த்து விஎஃப்டி (அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) கொடுத்தோம். விஎஃப்டி தன் திறனில் ஏறக்குறைய 3 சதவீதத்தை வெப்பமாக வெளியிடும். 75 கிலோவாட் டிரைவ் என்றால் பேனலுக்குள் 2 கிலோவாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் சேரும். ஆகவே அவற்றைக் காற்றோட்டமுள்ள தனிப் பேனலில் வைத்தோம். இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி இருக்கும் பேனல் அதிலிருந்து தள்ளியே நின்றது.

மிக நீண்ட விவாதம், பவர் ஃபேக்டரை, அதாவது பெறும் மின்திறனில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கை, கெப்பாசிட்டர்களால் தானாக உயர்த்தும் ஏபிஎஃப்சி பேனலைப் பற்றியது. 400 கிலோவாட் சுமையின் பவர் ஃபேக்டரை 0.75-இலிருந்து 0.98-க்கு உயர்த்த ஏறத்தாழ 270 கேவிஏஆர் கெப்பாசிட்டர் திறன் தேவை என்பது எளிய கணக்கு. சிக்கல், விஎஃப்டிகள் உண்டாக்கும் ஹார்மோனிக்ஸில் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் எழும் மின்னோட்டச் சிதைவில்) இருந்தது. மின்மாற்றியின் இண்டக்டன்ஸோடு சேர்ந்து கெப்பாசிட்டர்கள் ஒத்ததிர்வுக்குச் சென்றால் அந்தச் சிதைவு பெருகி, கெப்பாசிட்டர்கள் வீங்கிக் கெட்டுப்போகும். அதைத் தவிர்க்க 7 சதவீத ரியாக்டரை (மின்சுருளை) அவற்றுடன் தொடராக இணைத்தோம். ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸில், அதாவது ஐந்தாம் ஹார்மோனிக்கான 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே நின்றது. ரியாக்டர் சேர்ந்ததும் கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் 446 வோல்ட் அளவுக்கு ஏறுவதால், 440 வோல்ட் கெப்பாசிட்டரை நிராகரித்து 525 வோல்ட் வகையைக் கேட்டோம். விலை கூடுகிறதே என்று கொள்முதல் பிரிவு முணுமுணுத்தது, நான் இறங்கிவரவில்லை.

தயாரிப்பாளரின் கூடத்தில் பேனல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61439-இன்படி சோதனை நடந்தது. மின்னணு மீட்டர்களையும் மின்னழுத்தத் திடீர் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர்களையும் கழற்றிய பின்னரே, காப்பைச் சோதிக்க 1890 வோல்ட் செலுத்தப்பட்டது. நிறுவிய பிறகு பஸ்பார் இணைப்புகளை டார்க் ரெஞ்சால் முறுக்கிக் குறியிட்டு, காப்புத் தடையை அளக்கும் மெக்கர் சோதனையும் ஃபேஸ் வரிசையும் பார்த்து, சுமையின்றி மின்னூட்டம் கொடுத்தோம். முழுச்சுமை ஏறியதும் வெப்பப் படக் கருவியால் பார்த்தபோது, மூன்று ஃபேஸிலும் ஒரே மின்னோட்டம் இருந்தும் ஒரு கேபிள் லக் (கேபிள் முனையில் பொருத்தும் உலோக இணைப்பு) மட்டும் தனித்துச் சுட்டது. அந்த ஃபீடரை (கேபிள் வழியை) நிறுத்தி, லக்கை வெட்டிவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தி, அதாவது கிரிம்ப் செய்த பிறகே பேனல்களை உற்பத்திப் பிரிவிடம் ஒப்படைத்தேன்.