தேர்ப்பந்தயத் திடலில் முதலில் பார்க்க வேண்டியது புறப்படும் வாசலை

ரோமின் பழைய தேர்ப்பந்தயத் திடலான சர்க்கஸ் மாக்சிமஸ் என்றதும் பேச்சு அதன் பிரம்மாண்டத்தில் போய் நிற்கும். 600 மீட்டருக்கு மேல் நீளம், லட்சத்தைத் தாண்டும் கூட்டம், சரிதான். ஆனால் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிவது தேர்கள் புறப்படும் முனையில்.

அங்கே 12 வாசல்கள், லேசான வளைவில். திடலை நீளவாக்கில் பிரிக்கும் நடுச்சுவருக்கு வலப்புறத் தடத்தில்தான் எல்லாத் தேர்களும் முதலில் நுழைய வேண்டும். வாசல்களை நேர்வரிசையில் வைத்தால் இடக்கோடியில் நிற்பவனுக்குத் தூரம் கூடிவிடும். வளைத்து வைத்ததால் அந்தத் தடத்தின் வாய்க்கு யாருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். அப்பியன் சாலையோரம் உள்ள மாக்சென்டியஸ் திடலில் (கி.பி. 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கம்) இதை இன்றும் பார்க்கலாம். அங்கே நடுச்சுவரையே கோணலாகக் கட்டி, தேர்கள் முண்டியடிக்கும் முதல் பகுதியை அகலமாக்கியிருக்கிறார்கள்.

கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் வேறு உத்தி. கிளியோய்தாஸ் அமைத்த புறப்பாட்டு இடம் கப்பலின் முன்முனை போல இருந்தது. ஒவ்வொரு பக்கமும் 400 அடிக்கு மேல் என்கிறார் பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ். இரு கடைக்கோடிகளிலும் தேர்களை மறித்துக் கட்டிய கயிறு முதலில் விழும். அந்தத் தேர்கள் அடுத்தவற்றுக்கு நேராக வந்ததும் அடுத்த கயிறு. கூர்முனைக்கு வரும்போது எல்லோரும் ஒரே கோட்டில். பின்னாலிருந்து வருபவன் ஏற்கெனவே ஓட்டத்தில் இருப்பானே, இது எந்த ஊர் நியாயமோ!

அடுத்த ஆபத்து திருப்பத்தில். நான்கு குதிரைத் தேரில் நடு இரண்டுக்குத்தான் நுகம். ஓரத்து இரண்டும் வாரில் மட்டும் பூட்டப்பட்டவை. ரோமில் 7 சுற்றும் இடப்பக்கமாகவே திரும்புவதால் இடக்கோடிக் குதிரை அடங்கித் திரும்ப வேண்டும், வலக்கோடிக் குதிரை எட்டிப் பாய வேண்டும். ஒட்டித் திரும்பினால் சக்கரம் முனையிலுள்ள கூம்புத் தூண்களில் இடிக்கும். விலகினால் உள்ளே இன்னொருவன் புகுந்துவிடுவான். ரோமானியச் சாரதி கடிவாள வார்களை இடுப்பில் சுற்றிக்கொள்வதால் உடம்பைச் சாய்த்தே குதிரைகளை இழுத்துப் பிடிக்க முடியும். தேர் கவிழ்ந்தாலோ அதே வார் அவனைத் தரதரவென இழுத்துப் போகும். அறுத்துக்கொள்ளத்தான் கையோடு ஒரு கத்தி.

கிரேக்கத் திடல்களில் நீண்ட நடுச்சுவர் கிடையாது, திருப்பத்துக்கு ஒரு கம்பம்தான். தறிகெட்ட தேர் எதிரே வருபவர்மீதே பாயலாம். கி.மு. 462இல் டெல்ஃபியில் 40 சாரதிகள் விழ, சைரீன் மன்னன் ஆர்கெசிலாஸின் தேர் சேதமில்லாமல் வந்து வென்றது என்று பாடியிருக்கிறார் கிரேக்கக் கவிஞர் பிண்டார்.