வேலை போவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

வேலை போனால் பல இடங்களில் முதலில் அடைபடுவது அலுவலக மின்னஞ்சல்தான். சம்பள ரசீது, நியமனக் கடிதம், வரிச் சான்று எல்லாம் அதற்குள்ளேயே கிடந்தால், பிறகு ஒவ்வொன்றுக்கும் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும். ரசீது வந்த அன்றே ஒரு பிரதியைச் சொந்தமாக எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள், வழக்கு வரைக்கும் போகும்.

அவசரப் பணத்தைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள், செலவை வைத்துக் கணக்கிடுங்கள். கடைசி 3 மாத வங்கிக் கணக்கை எடுத்து, வாடகை, மளிகை, மருந்து, பள்ளிக் கட்டணம், கடன் தவணை மட்டும் கூட்டிச் சராசரி பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை கட்டும் காப்பீட்டுப் பிரீமியத்தை 12ஆல் வகுத்து அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இப்படிக் கூட்டிய செலவு மாதம் 40,000 ரூபாய் வந்தால், 6 மாதத்துக்கு 2,40,000 ரூபாய். அது தனிக் கணக்கில், ஒரே நாளில் எடுக்கும்படி இருக்கட்டும். பங்குச் சந்தையில் வேண்டாம். சந்தை சரியும் காலத்திலேயே ஆட்குறைப்பும் வரலாம், அப்போது நஷ்டத்தில் விற்க நேரும்.

ராஜினாமா எழுதித் தரச் சொன்னால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். பணிநீக்கம் ராஜினாமாவாகப் பதிவானால் இழப்பீடு கைநழுவலாம். மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள்.